நிரம்பாத குழி

1

வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் கடல் தாண்டி வந்து பத்து வருஷம் ஆகிறது. எனக்கே நினைவில்லை. இந்த ஊர்க்காரர்கள்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை கிராம முன்னேற்றச் சங்கத்தார் நாலு பேர் வெற்றிலைத் தட்டோடு வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை அதற்குக் குழி தோண்டத் தொடங்குகிறார்களாம். முதல் வெட்டு என் கையால் விழ வேண்டுமாம். வெட்டியதும் மாலை, வாழ்த்துப்பா, தேநீர்.

"குழி எந்த இடத்துலங்க?" என்று கேட்டேன்.

"கிணத்தடிக்குப் பக்கத்திலைதான் ரீச்சர். பிள்ளையளுக்குத் தண்ணி அள்ள வசதி," என்றார் அவர்களில் ஒருவரான விதானை. நம் பக்கத்தில் மணியக்காரர் எப்படியோ, இங்கே விதானை அப்படி. அவர் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி.

"கிணத்துப் பக்கம் வேணாங்க. அந்தத் தண்ணியத்தான் அத்தனை பிள்ளைங்களும் குடிக்குது. தெற்கு மூலையில, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, ஆழமில்லாம வெட்டுங்க. அப்பவும் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கக் குடுக்கணும்."

நாலு பேரும் சிரித்தார்கள். "ரீச்சருக்கு உந்தப் பயம் இன்னும் போகேல்லை. இந்த ஊருக்குக் குழி காட்டித் தந்ததே நீங்கள்தானே!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். இடம் குறித்தாயிற்று, நாளும் பார்த்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள். அக்கரையில் போய் ஒரு கிராமத்தையே திருத்திவிட்டாயே, எங்களுக்கெல்லாம் பெருமை என்று. இவ்வளவு நாளும் நானும் அதை மறுத்து எழுதவில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கிறது? ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாரிடமாவது முழுதும் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தொண்டர் பயிற்சிக் கூடத்தில் இவரும் நானும் படித்தோம். யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்க்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் கணக்கு வாத்தியாரும், பெண்களுக்குத் தையலும் சுகாதாரமும் சொல்லித்தர ஒருத்தியும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கிளம்பிவிட்டோம். மகள் கமலாவுக்கு அப்போது ஆறு வயது. கடல் தாண்டும் முன் மண்டபம் முகாமில் எங்களை நிறுத்தி, கண்ணிமையைப் புரட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, காய்ச்சல் நோய் எதுவும் இல்லை என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்னமும் என் பெட்டியில் கிடக்கிறது. 

தமிழ் பேசுகிற ஊர்தானே, என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நான் "ஆமாம்" என்று சொன்னால் தையல் வகுப்பே சிரிக்கும். இங்கே எல்லோருக்கும் "ஓம்"தான். மூன்று மாதத்தில் கமலா அவர்களோடு சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு. "உங்கடை நாட்டிலை மழை பெய்யிறதோ அம்மா?" என்று கேட்கிறாள். உங்கள் நாடாம்! என் அண்ணன் மகனுக்கு அவளைக் கேட்டுக் கடிதம் வந்தபோது, "கப்பல் ஏறி அங்கை போய் நான் ஆரோடை கதைக்கிறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தானே.

என்னை உண்மையில் திகைக்க வைத்தது பேச்சு அல்ல, தண்ணீர். குடமுருட்டிக் கரையில் பிறந்தவள் நான். இங்கே ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது. குடிக்க, குளிக்க, புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்க, எல்லாம் கிணறுதான். கிணற்றையே பங்கு போட்டு, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று உறுதிப் பத்திரத்தில் எழுதி மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள். எங்கள் வாடகை வீடும் பக்கத்து வீட்டுப் பூரணத்தின் வீடும் இன்னும் இரண்டு வீடுகளும் ஒரே பங்குக் கிணற்றில் அள்ளின. கிணறு பூரணத்தின் வளவுக்குள், அதாவது அவள் வீட்டுக் காணிக்குள் இருந்தது. இவருக்குப் பழைய வயிற்றுக் கோளாறு. அதனால் எங்கள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும்தான். "இந்தியாக்காரர் தண்ணியையும் சமைச்சுத்தான் குடிப்பினம்," என்று பூரணம் என்னைக் கேலி செய்வாள்.

பூரணம்தான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மனுஷி. வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அது வழியாகக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வந்துவிடுவாள். மயிலிட்டியிலிருந்து மீன்காரர் வந்தால் எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பாள். ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் இருட்டோடு எழுந்து வடலிக்குள்தான் போய்வர வேண்டும். வடலி என்றால் இளம் பனங்கூடல். பாம்பு, சேறு, யாராவது ஆம்பிளை வந்துவிடுவானோ என்ற பயம். நிறைமாதத்தில் அங்கே வழுக்கி விழுந்து ஒரு பிள்ளையை இழந்திருந்தாள். நான் கக்கூஸ் பேச்சை எடுத்ததும் ஆண்கள் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். பூரணம் மட்டும் எழுந்து நின்று, "என்ரை வளவிலை வெட்டுங்கோ ரீச்சர்," என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

3

இடத்தை நான்தான் குறித்தேன். கிணற்றிலிருந்து இருபத்தைந்து தப்படி. பயிற்சிக் கூடத்தில் சொல்லித்தந்தது அதைவிடக் குறைவு. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது, மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்பது அங்கே பாடம். காவிரி மண்ணில் அது சரி. வண்டலும் மணலும் ஆள் உயரத்துக்குக் கிடக்கிற பூமி அது.

இங்கே ஒன்றரை முழம் செம்மண். அதற்குக் கீழே கல். வெட்ட வந்தவர்கள் சின்னாச்சியும் அவள் புருஷனும். பூரணத்தின் வீட்டு நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள், அந்த வீட்டுத் தோட்டத்திலேயே வேலை செய்தவர்கள். கிணற்றில் கைவைக்க உரிமை இல்லாத சாதி. கிணத்தடிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்பாள் சின்னாச்சி. யாராவது அள்ளி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் காத்திருப்பு. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும். இவர், "வந்தவுடனே எல்லாத்தையும் திருத்திட முடியாது, ஒண்ணொண்ணாப் பார்ப்போம்," என்பார். நானும் முதலில் கக்கூஸ், பிறகு கிணறு என்று வரிசை போட்டுக்கொண்டேன்.

சின்னாச்சி புருஷன் அலவாங்கால் கல்லைக் குத்தினான். கடப்பாரைக்கு இங்கே அதுதான் பெயர். நாலு நாள் குத்தினான். ஐந்தாம் நாள் அலவாங்கு சட்டென்று உள்ளே இறங்கி, கைப்பிடி அளவுதான் வெளியே நின்றது. கல்லில் ஒரு பிளவு. அதிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். நின்று ஊறவில்லை, அப்படியே விழுங்கிக்கொண்டது.

"நாச்சியார், உது நிரம்பாது," என்றாள் சின்னாச்சி. "உள்ளுக்கை வழி கிடக்கு. தண்ணி நடக்கிற வழி."

எஜமானியைக் கூப்பிடுகிற மாதிரி நாச்சியார் என்று கூப்பிடாதே என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் அதைத்தான் திருத்தினேன். அவள் சொன்ன விஷயத்தை ஒரு நல்ல சேதியாக எடுத்துக்கொண்டேன். நிரம்பாத குழி! ஊருக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாக அதைத்தான் முதல் வரியாகப் போட்டேன். உங்களில் சிலர் படித்திருப்பீர்கள்.

தென்னோலைக் கிடுகால் மறைப்பும் கூரையும் போட்டோம். நாலு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஒரு மாதத்தில் அடுத்த தெருப் பெண்களும் வந்தார்கள். எத்தனை பேர் வந்தாலும் குழி அப்படியே இருந்தது. வெளியூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூரணம் மகாராணி மாதிரி நின்று எல்லோருக்கும் காட்டினாள்.

4

மாரி தொடங்கியது. கிணற்றில் நீர் மேலே வந்தது. பூரணம் ஒருநாள் மோந்து பார்த்துவிட்டு, "புதுத்தண்ணி ஊறினால் உப்பிடித்தான் கொஞ்சம் மணக்கும்," என்றாள். நான் காய்ச்சிக் குடிக்கிறவள். எனக்கு அந்த வாடை தெரியவில்லை.

முதலில் மூன்றாம் வீட்டுக் கிழவருக்குக் காய்ச்சல். பிறகு நாலாம் வீட்டில் இரண்டு பேருக்கு. பிறகு பூரணத்தின் மகள் தங்கத்துக்கு. ஒன்பது வயது, என் தையல் வகுப்பில் எல்லோரையும்விட நேராகத் தைக்கிறவள். நாளுக்கு நாள் சூடு ஏறியதே தவிர இறங்கவில்லை. பரியாரி, அதாவது நாட்டு வைத்தியர், கையைப் பிடித்துப் பார்த்து, "நெருப்புக்காய்ச்சல்," என்றார். டைபாய்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். காய்ச்சலின் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். கமலாவைப் பூட்டி வைக்காத குறை. எங்கள் வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அது ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் தங்கம் போய்விட்டாள்.

செத்த வீட்டில் மூன்றாம் வீட்டுக்காரி ஒரு பேச்சை எடுத்தாள். மாரி தொடங்கிய நாளில் ஒருவரும் வெளியே வராததால், சின்னாச்சி காத்திருந்து காத்திருந்து கடைசியில் தன் மண்குடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டாளாம். தன் கண்ணால் கண்டாளாம். சின்னாச்சியும் மறுக்கவில்லை. "பிள்ளை தண்ணிக்கு அழுதது. எவ்வளவு நேரமெண்டு நிக்கிறது?" என்றாள். அவ்வளவுதான், நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது. வாற சனிக்கிழமைக்குள் அவள் குடும்பம் நிலத்தை விட்டு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் குடிசைக்கு நெருப்பு என்று விதானை வீட்டு முற்றத்தில் முடிவாயிற்று.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, ஆறுதல். நம் குழியைப் பற்றி யாரும் பேசவில்லை என்ற ஆறுதல். அப்படியானால் மனசின் ஒரு மூலையில் எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

5

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் தோன்றியது. இவருடைய வேட்டிக்குப் போடுகிற நீலம், கடையில் இருந்த பொட்டலம் அத்தனையையும் வாங்கினேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு வாளியில் கரைத்துக் குழிக்குள் ஊற்றி, மேலே ஆறு வாளி தண்ணீர் விட்டேன். யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

வியாழக்கிழமை ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு மனசாரக் கும்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். நீலம். மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், வெளுத்த வேட்டியின் நிறம்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு விதானை வீட்டுக்கு ஓடினேன். அவர் பட்டணம் போயிருந்தார். திரும்பி வந்தது மாலை மூன்று மணிக்கு. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோப்பையிலை நீலம் கரைக்க ஆராலும் ஏலும் ரீச்சர். கிணத்தைப் பாப்பம்," என்று நாலு பேரோடு வந்தார்.

கிணறு அடி தெரிய இறைத்துக் கிடந்தது. நான் போன பிறகு பூரணம் இரண்டு ஆளை விட்டு இறைப்பித்திருக்கிறாள். செத்த வீட்டுத் துடக்குக் கழிய வேண்டும், மறுநாள் எட்டுச் செலவு என்றாள். நம் பக்கத்துத் தீட்டும் எட்டாம் நாள் சடங்கும்தான் அவை. ஓரத்துப் பிளவுகளிலிருந்து புதுத்தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, கண்ணாடி மாதிரி. விதானை இரண்டு கையாலும் அள்ளி எனக்குக் காட்டினார்.

நான் கத்தினேன். குழிதான் காரணம், நான் குறித்த இடம்தான் காரணம், சின்னாச்சி எனக்கு முதலிலேயே சொன்னாள் என்றெல்லாம் சொன்னேன். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள். "ரீச்சருக்கு இளகின மனம். ஏழைப் பெண்டுக்காகப் பழியைத் தன்ரை தலையிலை போடுறா," என்றார் விதானை. பூரணம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மகளைப் பறிகொடுத்தவள், அவளை நான் எப்படிக் கேட்பேன்?

மறுநாள் சனிக்கிழமை சின்னாச்சி குடும்பம் வன்னிப் பக்கம் போய்விட்டது. வண்டியில் குடிசையின் கூரைத்தடிகளும் இரண்டு குடங்களும். நான் போய் நின்றேன். அவள் அழவில்லை. "அண்டைக்கே சொன்னனான் நாச்சியார். கேட்டிருக்கலாம்," என்றாள். இந்த முறை அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை.

அடுத்த வாரம் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து நாலு வீட்டாரையும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, கிணற்றுக்குள் மருந்துத் தூளும் கொட்டினார். மழையும் விட்டது. காய்ச்சல் நின்றது. சின்னாச்சி போனாள், காய்ச்சலும் போயிற்று என்று ஊர் முடிவு கட்டியது. பிறகு நடந்ததுதான் கொடுமை. வீட்டுக்கு வீடு குழி வெட்டத் தொடங்கினார்கள். எல்லாம் ஆழக் குழி, கல்லைப் பிளந்த குழி, ரீச்சர் காட்டின மாதிரிக் குழி. நான் வேலி வேலியாகப் போய்ச் சொன்னேன். பட்டணத்துக் கந்தோர் ஒன்றுக்கு, அதாவது சர்க்கார் ஆபீசுக்கு, தமிழில் மனு எழுதினேன். இங்கிலீஷில் எழுதச் சொல்லித் திரும்பி வந்தது. இவர் இங்கிலீஷில் எழுதினார். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு சரி. மாரிக்கு மாரி ஏதோ ஒரு தெருவில் காய்ச்சல் வரும். யாரையோ கைகாட்டுவார்கள். போன மாரியில் ஒரு மீன்காரரை அடித்து விரட்டினார்கள்.

6

இப்போது உலகச் சண்டைக் காலம். கூப்பனுக்குத்தான் அரிசி. மருந்து கிடைப்பதில்லை. மாரிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கிணற்றைச் சுற்றி நூறு பிள்ளைகள். அவர்களில் கமலாவும் ஒருத்தி.

"கக்கூஸ் இல்லாட்டில் பெரிய பிள்ளையளெல்லாம் படிப்பை விட்டிடுவினம் அம்மா. நீங்கள்தானே முதல் முதல் அதைச் சொன்னனீங்கள்?" என்று நேற்று என்னோடு சண்டை போட்டாள். அவள் சொல்வதும் சரிதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கிணற்றடியில் வேண்டாம் என்கிறேன் என்றேன். "எல்லாரும் சிரிக்கினம்," என்று போய்விட்டாள். கோப்பையை வைத்துக்கொண்டு கத்திய பைத்தியக்காரியின் மகள் என்று அவளை யாராவது சொல்லியிருப்பார்கள்.

திரும்பவும் நீலம் கரைத்துக் காட்டுகிறேன் என்று சங்கத்தாரிடம் கேட்டேன். பிள்ளைகள் குடிக்கிற கிணற்றில் சாயம் விடுவதா என்று பதறினார்கள்! அசுத்தம் போகலாமாம், நீலம் போகக் கூடாதாம்.

இன்று மத்தியானம் வேலிப் பொட்டு வழியாகப் பூரணத்திடம் போனேன். இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "பூரணம், அன்னைக்கு நீங்க ஏன் வெள்ளிக்கிழமையே கிணறு எறைச்சீங்க? எட்டுச் செலவு மறுநாள்தானே? எப்பவும் செலவு அன்னைக்குக் காலையிலதானே எறைப்பாங்க?"

 அவள் மெல்லச் சொன்னாள்: "உங்களுக்கு முதல் நான் கண்டனான் ரீச்சர். பீங்கானிலை ஊத்தினால் நீலமாக் கிடந்தது. ஏனெண்டு உடனை விளங்கிச்சுது."

"அப்ப சொல்லியிருக்கலாமே! சின்னாச்சி போயிருக்க மாட்டாளே!"

"சின்னாச்சியாலை செத்தாள் எண்டால் எனக்கு ஆரையாவது திட்டலாம். நானே கேட்டு, நானே என்ரை வளவிலை வெட்டுவிச்ச குழியாலை தங்கம் செத்தாள் எண்டால் நான் என்னெண்டு இருக்கிறது, சொல்லுங்கோ?"

"வெள்ளிக்கிழமை வந்து இதைச் சொல்லுங்க பூரணம். நீங்க சொன்னா நம்புவாங்க. நூறு பிள்ளைங்க."

"ஏலாது ரீச்சர். நீங்களும் சொல்லாதேங்கோ. அதைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோடை இருக்கமாட்டன்."

எழுந்து வந்துவிட்டேன். இவரிடம் சொன்னேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 

நான் மட்டும் சொன்னால் மறுபடியும் பரிவாகச் சிரித்துவிட்டுக் குழியை வெட்டுவார்கள். பூரணம் கண்டாள், பூரணம் மறைத்தாள் என்று அவளை நடுச்சபையில் நிறுத்திச் சொன்னால் மட்டும்தான் நம்புவார்கள். அப்படித்தான் சொல்லப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்துகொள்வாளோ என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கமலா வந்து ஒரு நூலை என் கழுத்தில் வைத்து அளந்துகொண்டு போகிறாள். எதற்கடி என்றேன். வெள்ளிக்கிழமை எனக்குப் போடுகிற மாலையைப் பூரணம்தான் கட்டுகிறாளாம். அளவு கேட்டு அனுப்பியிருக்கிறாள்.